சொல் அறிவோம்: கிரெடிட்

வங்கிக்குச் செல்லும் நாம் அடிக்கடி கேட்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'கிரெடிட்'. 'நம்புதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லே இதன் வேர்.

'கணக்கில் 5,000 ரூபாய் கிரெடிட் ஆனது' என்றால் வரவு. 'கிரெடிட் கார்டு' என்னும்போது கடன். 'வெற்றியின் கிரெடிட் அணியினருக்கே' என்றால் பெருமை.

வரவும் கடனும் ஒரே சொல்லில் அடங்குவது எவ்வாறு? நாம் பணம் செலுத்தும்போது வங்கியை நம்புகிறோம். அத்தொகை வங்கி நமக்குத் தரவேண்டியது. கடன் வழங்கும்போது வங்கி நம்மை நம்புகிறது. அந்நம்பிக்கையை 300 முதல் 900 வரையிலான எண்ணால் குறிப்பதே 'கிரெடிட் ஸ்கோர்'. தவணை தவறினால் அது குறையும்.

கணக்கேட்டில் இதன் எதிர்ச்சொல் 'டெபிட்', அதாவது பற்று. இவ்விரண்டையும் குழப்பியே ஏமாற்றுவோர் பணம் பறிக்கின்றனர். 'பணம் கிரெடிட் ஆக யுபிஐ ரகசிய எண்ணை இடுங்கள்' என்று எவரேனும் கூறினால் உடனே விழிப்படைவோம். வரவுக்கு ரகசிய எண் தேவையில்லை. பணப் பரிமாற்றத்தில் அதை இட்டால் நிகழ்வது பற்றே.

சொல்லின் பொருளறிந்தால் நம் பொருளும் காக்கப்படும்.