இடமே சான்று

நுழையும்முன்
அகழாய்வு என்றதும் புதையல் தேடுதல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அகழாய்வுக் குழிக்குள் இறங்கும் மாணவர் உண்மையில் தேடுவது எதனை?

கீழடி போன்ற அகழாய்வுக் களத்தில் பயிற்சி பெறும் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவி ஒருவரின் நாள், வெயில் ஏறுமுன்னரே தொடங்கிவிடுகிறது. அவர் கொத்துக்கரண்டியால் மண்ணை மெல்லச் சுரண்டுகிறார், தூரிகையால் துடைக்கிறார். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் பணியை நிறுத்திக் குறிப்பெடுக்கிறார். அம்மாற்றம், வேறொரு காலத்தின் மண்ணடுக்கு தொடங்குவதற்கான அறிகுறியாகலாம்.

முற்பகலில், கீறப்பட்ட எழுத்துகளுடன் கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று தலைகாட்டுகிறது. எடுத்துப் பார்க்க உள்ளம் விழைகிறது. ஆயினும் அவர் எடுப்பதில்லை. அது கிடந்த இடத்தையும் ஆழத்தையும் அளந்து, ஒளிப்படம் எடுத்து, வரைபடத்தில் குறித்த பின்னரே அதனைத் தொடுகிறார். அருகிலிருந்த கரித்துண்டைக் கைபடாமல் பொதிந்து வைக்கிறார். பிற்பகலில் ஓடுகளைத் தூய்மை செய்து எண்ணிடுகிறார். மாலையில் அன்றைய பணியைக் களக்குறிப்பேட்டில் எழுதுகிறார்.

இத்துணைப் பொறுமை எதற்கு? கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமப் பொருளின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. ஆழம் குறிக்கப்படாதிருந்தால், அக்கரி தன் வயதை மட்டுமே கூறியிருக்கும். அஃது எந்த மண்ணடுக்கின் காலம் என்பதைக் கூறியிராது. தோண்டிய அடுக்கை மீண்டும் உருவாக்க இயலாது. இன்று குறிக்கத் தவறியதை நாளை எவராலும் மீட்க இயலாது. அகழாய்வாளர் தேடுவது பொருளை மட்டுமன்று. அப்பொருள் கிடந்த இடம் கூறும் சான்றையும்தான்.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் கிணறு தோண்டும்போது முதுமக்கள் தாழி ஒன்று தென்பட்டால், நீங்கள் முதலில் செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும் யாவை? வகுப்பில் கலந்துரையாடுக.