இணையக் காலத்தில் சீறாப்புராண வாசிப்பு

புதிய கருவி ஒன்று தோன்றும்போதெல்லாம் பழையது மாண்டுவிடும் என்னும் அச்சம் எழுவது இயல்பு. ஓலைச்சுவடியின் இடத்தை அச்சு நூல் கவர்ந்துகொண்டது உண்மையே. ஆயின் வானொலியும் திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்தபோது நூலின் முடிவு குறித்துச் சொல்லப்பட்ட ஆரூடங்கள் பலிக்கவில்லை. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் நூலின் நிலை யாது?

சென்னைப் புத்தகக் கண்காட்சி ஒருவாறு விடை தரும். 1977இல் அண்ணா சாலை மதரசா-இ-ஆஜம் பள்ளி வளாகத்தில் 22 கடைகளுடன் தொடங்கிய அது, 2024இல் நந்தனத்தில் ஏறத்தாழ 900 அரங்குகளுடன் நடைபெற்றது. எனினும் வாங்கப்பெறும் நூலெல்லாம் வாசிக்கப்பெறும் நூலன்று என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆதலின், நம் மாணவர் பயிலும் நூல் ஒன்றையே எடுத்துக்கொண்டு, இணையம் அதன் வாசிப்பை எவ்வாறு மாற்றியுள்ளது எனக் காண்பது தகும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களைக் கொண்டது. ஏட்டுச்சுவடியில் வழங்கிவந்த அக்காப்பியத்தை 1842இல் அச்சேற்றியவர் ‘புலவர் நாயகம்’ எனப் போற்றப்பெறும் சேகனாப் புலவர். கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) அதற்கு உரை வரைந்தார். அச்சிட்ட படிகள் தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு வரும்வரை ஆசிரியர் கைப்படியே வகுப்புக்கெல்லாம் ஒரே படியாக இருக்கும். அப்படியைக் கடன் வாங்கிச் சென்று, இரவெல்லாம் கையால் படியெடுத்த மாணவர்களை யான் அறிவேன்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் ஏற்றினர். சீறாப்புராணமும் அவ்வாறு ஏறிற்று. நூலகம் இல்லாத சிற்றூரில் இருப்பவரும் இன்று அதனைக் கைப்பேசியில் ஓதலாம்.

இதனினும் பெரிய பயன் சொற்றேடல். ‘தீன்’ என்னும் சொல் காப்பியத்தில் எங்கெங்கு ஆளப்பட்டுள்ளது என அறிய, முன்னர்த் திங்கட்கணக்கில் சொல்லடைவு தொகுக்க வேண்டியிருந்தது. இன்று அது நொடிப்பொழுதில் முடிகிறது. முடிகிறது என்றா சொன்னேன்? இங்கேதான் மாணவர் ஏமாறுகின்றனர். ‘தீன் எனும்’ என்பது ‘தீனெனும்’ எனப் புணர்ந்து நின்றால், புள்ளியிட்ட னகரத்தைத் தேடும் கணிப்பொறி அதனைக் கண்டுகொள்ளாது. சீர் பிரித்துத் தட்டச்சிட்ட இடங்களில் ஒரு சொல்லே இரண்டாக முறிந்து கிடக்கும். கணிப்பொறி ‘இல்லை’ என்று சொன்ன இடத்தில் சொல் இருக்கும். புணர்ச்சி விதி அறிந்தவருக்கே இணையம் முழுப் பயன் தரும். நன்னூலைப் பழைய பாடம் என ஒதுக்கும் மாணவர் இதனைக் கருத வேண்டும்.

திரையில் பாடலைக் கண்டவர் பொருள் வேண்டி உரைநூலைத் தேடி வருகின்றனர் என்பது எம் வகுப்பறை அனுபவம். ஒரு விருத்தத்தைப் பதம் பிரித்து, உரையோடு ஒப்பிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதிப் பயில அச்சுப்படியே ஏற்றதாக உள்ளது. பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே நினைவில் நிறுத்தி அவதானம் செய்தவர். நம் கைப்பேசியும் நம்மை நூறு செயல்களுக்கு அழைக்கிறது. ஆனால் அவதானியின் நூறும் ஒரு மனத்தில் குவிந்தன, நம்முடையவை சிதறுகின்றன. இணையத்தின்மீது யான் கூறும் குறை இதுவொன்றே. ஆயிரம் படிகள் அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை மாறி, வேண்டும் அளவிற்குச் சில படிகளே அச்சிடும் முறை வந்துள்ளமையால், மறைந்த நூல்கள் மீண்டும் தாளில் வருதலும் எளிதாயிற்று.

ஆனால் இணையம் ஏறாத நூல்களின் கதி என்ன? இணையத்தில் இல்லாததை இளைய தலைமுறை உலகிலேயே இல்லாததாகக் கொள்கிறது. இவ்வகையில் மிகுந்த இடருக்கு உள்ளாகியிருப்பவை அரபுத்தமிழ் நூல்கள். மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி எழுதினர். மார்க்கச் சட்டம், மாலை, முனாஜாத்து எனக் கல்லச்சில் வந்த அந்நூல்களை நம் பாட்டிமார் இல்லந்தோறும் ஓதினர். அவற்றைப் படமெடுத்து ஏற்றினாலும் தமிழ் எழுத்தில் தேடுவோர்க்கு அகப்படமாட்டா. எழுத்தறிந்தவர் ஒருவர் தமிழில் பெயர்த்தெழுதித் தர வேண்டும். அவ்வாறு வாசிக்க வல்லவர் இன்று பெரும்பாலும் முதியவரே.

நைந்த திருக்குர்ஆன் தாள்களை மரியாதையோடு மண்ணில் புதைப்பது நம் வழக்கம். வாசிக்கத் தெரியாத இல்லங்களில் அரபுத்தமிழ் நூலும் அரபு எழுத்தைக் கண்டு அவ்வாறே புதைக்கப்படுவதுண்டு. வரும் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், பெட்டியிலோ பரணிலோ அத்தகைய ஏடு கிடைப்பின், அதனைப் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ கொடுத்து உரக்க ஓதச் செய்து, முதற்பக்கத்தில் உள்ள ஆசிரியர் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் எழுதிக்கொண்டு வருக. துறை அலமாரியில் அதற்கெனக் குறிப்பேடு ஒன்று வைத்துள்ளோம்.