கடைசி லாகின் என்னும் பொய்ச்சாட்சி

நம்பிக்கை: டொமைன் கன்ட்ரோலரைத் திறந்து, 'லாஸ்ட் லாகான்' தேதியைப் பார்த்து, மூன்று மாதங்களுக்கு மேல் உள்ளே வராத கணக்குகளை எல்லாம் அழித்துவிட்டால் டைரக்டரி சுத்தமாகிவிடும்.

உண்மை: கம்பெனி நெட்வொர்க்கைப் பராமரிக்கும் உத்தியோகஸ்தர்கள் நாலு பேர் கூடுகிற இடங்களிலெல்லாம் வேதவாக்குப்போல் ஓதப்பட்டுவரும் இந்த உபதேசத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆக்டிவ் டைரக்டரி எப்படி இயங்குகிறது என்பதை அரைமணி நேரம் சிரத்தையோடு படித்தவர் எவருக்கும் இதைச் சொல்ல நா எழாது.

லாஸ்ட் லாகான் என்பது ஒரு டொமைன் கன்ட்ரோலரிலிருந்து மற்றொன்றுக்கு ரெப்ளிகேட் ஆகாத விவரம். தலைமை அலுவலகத்தில் ஒரு சர்வரும் கிளையில் ஒரு சர்வருமாக உள்ள ஸ்தாபனத்தில், கிளையிலேயே உட்கார்ந்து அன்றாடம் வேலை பார்க்கிற குமாஸ்தா, தலைமை அலுவலகத்துச் சர்வரை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிற நிர்வாகியின் கண்ணுக்கு, ஒரு வருஷமாகத் தலைகாட்டாதவராகவே தோன்றுவார். எல்லாச் சர்வர்களையும் கேட்டு, அவற்றுள் மிகப் பிந்திய தேதியை எடுத்துக்கொண்டாலொழிய அந்த விவரம் பிரமாணமாகாது.

இதற்காகவே விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் 'லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்' என்ற வேறொரு விவரம் ஏற்பட்டது. அது ரெப்ளிகேட் ஆகும். ஆனால் ரெப்ளிகேஷன் பாரத்தைக் குறைக்கும் உத்தேசத்தோடு, முன்பு பதிந்த தேதி 9 முதல் 14 நாள் வரை பழையதானால்தான் புதுப்பிக்கப்படும். ஆகவே 90 நாள் கெடு வைப்பவருக்கு அது உதவும். 10 நாள் கெடு வைப்பவருக்கு அது அனர்த்தம். போதாக்குறைக்கு, ஒருவருக்கு என்னென்ன அனுமதிகள் உண்டென்று வேறொரு சர்வீஸ் அவர் சார்பில் கெர்பரோஸ் மூலம் விசாரித்தாலும், ஆள் வராமலே அந்தத் தேதி முன்னேறிவிடக்கூடும். பாஸ்வேர்ட் ஹாஷ் ஸிங்க் முறையில் கிளவுட் மெயிலை மட்டும் உபயோகிக்கிறவரோ, தினந்தோறும் வேலை செய்தும் உள்ளூர் டைரக்டரியில் ஒரு சுவடும் பதிக்கமாட்டார்.

இன்னொரு விநோதத்தையும் பாருங்கள். இந்தத் தேதிகள் 1601 ஜனவரி 1 தொடங்கி எண்ணப்படும் பெரிய எண்களாகச் சேமிக்கப்படுகின்றன. ஒருமுறையேனும் லாகின் செய்யாத கணக்கில் அந்த இடம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருக்கும். அதை அப்படியே தேதியாக மாற்றுகிற கவனமற்ற ஸ்கிரிப்ட், நேற்று நியமனமான பெண், கிழக்கிந்தியக் கம்பெனி எலிசபெத் ராணியிடம் சாசனம் பெற்ற காலத்தில், இந்திய நேரம் காலை 5.30 மணிக்குக் கடைசியாக வந்துபோனதாக அறிக்கை தரும். கணக்கு உருவான தேதியையும் கூட வைத்துப் பார்க்கும் பொறுமையற்றவர் அவளை முதல் நாளே வெளியேற்றிவிடுவார்.

இத்தகைய பட்டியலை நம்பி அழித்தவருக்கு அடுத்த பாடம் காத்திருக்கிறது. அழித்த கணக்கை அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அதன் எஸ்ஐடி வேறு; பழைய ஃபோல்டர் அனுமதிகள் ஒன்றும் அதற்குச் செல்லா. சர்வர் 2008 ஆர்2 முதல் ரீசைக்கிள் பின் உண்டு, வாஸ்தவம். ஆனால் அதை முன்கூட்டியே இயக்கிவைத்திருக்க வேண்டும். ஆகையால் முதலில் டிசேபிள் செய்து, தனி ஓயூவுக்கு நகர்த்தி, ஆண்டு முடிவில் மட்டும் ஓடுகிற சர்வீஸ் அக்கவுண்ட் ஏதேனும் அதில் சிக்கியிருக்கிறதா என்று விசாரித்து, அதன்பின் அழிப்பதே விவேகம்.

மற்றவற்றுக்கு இவ்வளவு விஸ்தாரம் வேண்டாம்.

நம்பிக்கை: பாஸ்வேர்ட் காலாவதியானால் கணக்கும் செத்துவிடும்.

உண்மை: சாகாது. பழைய பாஸ்வேர்டை அறிந்தவனிடம் அது புதியதைக் கேட்கும். கொடுத்துவிட்டு உள்ளே போவான்.

நம்பிக்கை: தூங்குகிற கணக்கால் யாருக்கு என்ன கெடுதல்?

உண்மை: 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் கம்பெனிக்குள் திருடர்கள் நுழைந்தது, உபயோகத்தில் இல்லையென்று கருதப்பட்ட பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாகவே. இரண்டாவது சரிபார்ப்பு அதற்கு இல்லை. மே மாதத்தில் எரிபொருள் குழாய் நின்றது. கம்பெனி கொடுத்த பணயத்தொகை சுமார் 44 லட்சம் டாலர்.

நம்பிக்கை: வருஷத்துக்கு ஒருமுறை களையெடுத்தால் போதும்.

உண்மை: உபயோகத்தில் இல்லாத கணக்கை முடக்க சிஐஎஸ் கன்ட்ரோல்ஸ் விதிப்பது 45 நாள், கார்டு பரிவர்த்தனைக்கான பிசிஐ விதி 90 நாள். வருஷக் கணக்கு இவ்விரண்டிலும் இல்லை.

கடைசியாக, என் நெடுநாள் புகார். பயனற்ற கணக்குகள் டைரக்டரியில் தாமாக முளைப்பதில்லை. ராஜினாமாக் கடிதம் எச்ஆர் மேஜையிலேயே படுத்துக்கிடப்பதால் முளைக்கின்றன. லேப்டாப்பையும் ஐடி கார்டையும் திரும்பப் பெற்றதற்கு ஆளுக்கொரு கையெழுத்து வாங்குகிற நோ டியூஸ் படிவத்தில், கணக்கை முடக்கியாயிற்று என்பதற்கு ஒரு வரி இல்லாத ஸ்தாபனங்கள் எத்தனை! ஒப்பந்தப் பணியாளர் கணக்கை உருவாக்கும்போதே முடிவுத் தேதியைக் குறித்துவிட ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதையும் செய்வாரில்லை. ஸ்கிரிப்ட் எழுதும் சாமர்த்தியத்தைப் பிறகு காட்டிக்கொள்ளலாம். நிர்வாகிகளே, நாளைக் காலை முதல் காரியமாக எச்ஆர் அறைக்குச் சென்று அந்தப் படிவத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.