ஜி-யா, பி பிளாட்டா: டிரம் கோருக்கு வாத்தியம் வாங்கும் முன்

பித்தளை ஊதுவாத்தியமும் முரசுமாக மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் அமெரிக்காவின் டிரம் அண்ட் பியூகல் கோர் குழுக்களில் ஊதினவர்கள் நாலு பேர் கூடினால் போதும், ஜி சுருதியா பி பிளாட் சுருதியா என்ற வழக்கு தொடங்கிவிடும். நம் கட்டைக் கணக்கில் ஐந்து கட்டையா, ஆறரைக் கட்டையா என்பதுதான் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் பி பிளாட் வாங்குங்கள், நடுக்குரலுக்கு எஃப் மெல்லோஃபோன். நல்ல நிலையில் ஒரு முழு ஜி செட் ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

ஜி எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் ராணுவத்தின் பியூகல் பி பிளாட். அமெரிக்க ராணுவம் பிடித்துக்கொண்டது ஜி. முதல் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்கள் தொடங்கிய அணிவகுப்புக் குழுக்கள் அந்த ஜி பியூகலையே எடுத்துக்கொண்டன. அதில் வால்வு கிடையாது. உதட்டை இறுக்கி இறுக்கி ஏறினால் ப, ச, க, ப என்று விட்டுவிட்டுத்தான் சுரங்கள் வரும். பிறகு ஒரு வால்வு வந்தது. 1977-இல் நிமிர்ந்த இரண்டு வால்வுகளுக்கும், 1990-இல் மூன்று வால்வுகளுக்கும் போட்டி விதிகள் இடம் கொடுத்தன. 2000-இல் எந்தச் சுருதியும் ஆகலாம் என்று, போட்டிகளை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு திறந்துவிட்டது. அதன்பின் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாக பி பிளாட், எஃப் பக்கம் போயின.

பழைய ஜி வாத்தியம் விலைக்கு வந்தால் முதலில் வால்வை எண்ணுங்கள். இரண்டு வால்வு பியூகலில் மேல் ஸ்தாயி ஏறக்குறைய முழுதாக வந்துவிடும். கீழே இறங்கினால்தான் ஓட்டை தெரியும். மத்திய ஷட்ஜத்திலிருந்து இறங்கும்போது சதுஸ்ருதி தைவதம் வரை விரல் போகும். சுத்த தைவதம் வராது. பஞ்சமத்துக்குக் கீழே அந்தர காந்தாரம் வரை உண்டு. சாதாரண காந்தாரமும் அதன் கீழுள்ள இரண்டு ரிஷபங்களும் கிடையாது. அந்நாளில் இசை அமைத்தவர்கள் இந்த ஓட்டைகளைச் சுற்றி வளைத்துத்தான் எழுதினார்கள். மேடிசன் ஸ்கவுட்ஸ் குழு 1988-இல் ‘மலகேனா’ வாசித்துப் பட்டம் வென்றது இரண்டு வால்வோடுதான். ஆனால் இன்று எழுதப்படும் இசையை அதில் வாசிக்க முடியாது. ஜி வேண்டும் என்றால் மூன்று வால்வு ஜி-தான்.

ஜி-க்காகப் பேசுகிறவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. ஜி செட்டில் மேல்குரல் சொப்ரானோ, மெல்லோஃபோன், பாரிடோன், அடிக்குரல் கான்ட்ராபாஸ் எல்லாம் ஒரே சுருதி. எல்லோரும் வால்வை விட்டுவிட்டு ஊதினால் எழும் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். திறந்த மைதானத்தில் அந்த ஒலிக்கு ஒரு திண்மை உண்டு. சொப்ரானோவின் குழாய் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர். பி பிளாட் டிரம்பெட்டில் ஒன்றரை மீட்டர். நீளம் கூடியதன் கருமை பழைய ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கிறது. என் காதுக்கு அது பிடிக்கும்.

பிடித்தாலும் வாங்கச் சொல்லமாட்டேன். ஜி வாத்தியங்களுக்குப் பேர்போன கலிபோர்னியாவின் கான்ஸ்டல் தொழிற்சாலை 2019-இல் மூடப்பட்டுவிட்டது. கிடைப்பது பெரும்பாலும் பழையது. ஒரு வால்வு தேய்ந்தாலும் அளவு பார்த்துச் செய்துகொடுக்கும் ஆளைத் தேட வேண்டும். பி பிளாட் என்றால் யமஹா, ஜூபிடர், கிங் எதிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். பள்ளி மார்ச்சிங் பேண்டில் டிரம்பெட் கற்ற பிள்ளை ‘ச’ எங்கே விழும் என்று காதால் பழகியிருப்பது பி பிளாட்டில். ஜி-யில் விரல் அதேதான். ஒலி மட்டும் ஒன்றரைக் கட்டை இறங்கியிருக்கும். காது பழகச் சில வாரம் பிடிக்கும்.

பழைய ஜி நோட்டுகளை அப்படியே பி பிளாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். டிரம்பெட் ஒன்றரைக் கட்டை ஏறும், எஃப் மெல்லோஃபோன் ஒரு கட்டை இறங்கும். முன்பு ஒரே சுருதியில் இருந்த இரண்டு குரலுக்கும் நடுவே இரண்டரைக் கட்டை விழுந்துவிடும். மாரிம்பா, சின்தசைசர் பகுதிகளும் சேர்ந்து தடுமாறும். எல்லாவற்றையும் திருத்தி எழுதியாக வேண்டும். இதே காரணத்தால் பாதி ஜி, பாதி பி பிளாட் என்று கலந்து வாங்கும் யோசனையும் வேண்டாம்.

அதிகம் யோசிக்க வேண்டியது நடுக்குரலில்தான். மூன்று வழி உண்டு. கச்சேரி பிரெஞ்சு ஹார்னை 2014 முதல் களத்தில் அனுமதிக்கிறார்கள். ஆனால் அதன் மணி, அதாவது ஒலி வெளிவரும் விரிந்த வாய், பின்னோக்கி இருக்கிறது, எஃப் குழாயோ நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் கூடக்கூட மேல் சுரங்கள் நெருங்கி வரும். ஓடிக்கொண்டே ஊதினால் உதடு பக்கத்துச் சுரத்தில் வழுக்கிவிடும். பி பிளாட் மார்ச்சிங் ஹார்ன் மணியை முன்னால் திருப்பியது, குழாயும் குறைவு. ஆனாலும் வழுக்கல் முழுதாகப் போகவில்லை. எஃப் மெல்லோஃபோன் ஹார்னில் பாதி நீளம், சுரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும். நடந்து ஊத அதுதான் சரி. ஹார்ன் மவுத்பீஸை அடாப்டர் போட்டு அதில் மாட்டாதீர்கள், சுருதி அலையும். மெல்லோஃபோனுக்கென்றே உள்ள மவுத்பீஸ் வாங்குங்கள்.

பாரிடோன், யூஃபோனியம் இரண்டும் பி பிளாட். குழாய் நீளமும் ஒன்றே. அடர்த்தி வேண்டுமானால் யூஃபோனியம், தோள் வலிக்குமென்றால் பாரிடோன். கான்ட்ராபாஸுக்குச் சுருதியைவிட எடை முக்கியம். பிள்ளையின் தோளில் வைத்துக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கடை அறைக்குள் ஊதிப்பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெளியே மைதானத்தில் ஊதச் சொல்லித் தள்ளி நின்று கேளுங்கள். கோரில் சேரப்போகிற பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வாத்தியத்தைப் பெரும்பாலும் குழுவே கொடுக்கும், எந்தச் சுருதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை மவுத்பீஸைத் தவிர வேறெதற்கும் பணம் போடாதீர்கள்.