மடிநோயும் பாலில் வாழும் கிருமிகளும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் நமது வட்டாரத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றின் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வழக்கு எழுந்தது. ஒரே ஒரு கறவைப் பசுவை வைத்துக்கொண்டு இரு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கைம்பெண் ஒருவர் ஊற்றிவந்த பாலில் தண்ணீர் கலந்திருப்பதாகச் சங்கத்தார் குற்றஞ்சாட்டினர். பால்மானியில் 28க்குக் குறையாமல் நின்ற அளவு 26க்கு இறங்கிவிட்டது, அவ்வளவே சான்று. முதலில் விலை குறைக்கப்பட்டது. மூன்றாம் வாரத்தில் பாலே வாங்கப்படவில்லை. அவ்வம்மையார் ஊராட்சி மன்றத்தாரிடம் முறையிட, மன்றத்தார் அவரை நம்மிடம் அழைத்து வந்தனர். “தண்ணீர் ஊற்றவில்லை ஐயா, யாராவது பக்கத்தில் நின்று கறக்கச் சொல்லிப் பாருங்கள்” என்று அவர் கூறியதை அன்று நாமும் பாதியே நம்பினோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

மறுநாள் விடியற்காலையில் கால்நடை மருந்தகத்து மருத்துவரும், சங்கச் செயலாளரும், மன்ற உறுப்பினர் இருவரும், நாமும் அத்தொழுவத்தில் கூடினோம். எல்லோருடைய கண்முன்னும் கறந்த பாலை ஆறவைத்து அளந்தபோதும் பால்மானி 26ஐயே காட்டிற்று! செயலாளர் தலை கவிழ்ந்தார். மருத்துவரோ ஒன்றும் பேசாமல், நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டை எடுத்து, நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, ஒரு கரைசலை ஊற்றிச் சுழற்றினார். முன்காம்புகள் இரண்டின் பால் நீராகவே ஓடியது. பின்காம்புகளின் பால் கஞ்சிபோலத் திரண்டு நின்றது. மடியிலோ வீக்கம் இல்லை, சூடு இல்லை, பாலின் நிறமும் மாறவில்லை.

இதுவே மறைந்திருக்கும் மடிநோய். மடி வீங்கிக் கல்லாகிப் பாலில் திரியும் இரத்தமும் காணும்போது நோய் என்று எவரும் அறிவர். கண்ணேறு என்று கருதி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவோரும் மறுநாள் மருத்துவரிடம் வந்துவிடுவர். ஆனால் அவ்வாறு வெளிப்படும் பசு ஒன்று இருக்குமானால், வெளிக்குத் தெரியாமல் நோயைச் சுமக்கும் பசுக்கள் பல இருக்கும். குடியானவர் இழக்கும் பாலில் பெரும்பகுதி இவ்வகையாலேயே இழக்கப்படுகிறது.

பால்மானி ஏன் தாழ்ந்தது என்பதை மருத்துவர் அங்கேயே விளக்கினார். பாலின் இனிப்புக்குக் காரணமான லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை மடியின் சுரப்பிகளில் உண்டாவது. கிருமிகளால் சுரப்பிகள் நலிவுறும்போது சர்க்கரையும் கேசீன் என்னும் புரதமும் குறைகின்றன. குறைந்த சர்க்கரைக்கு ஈடாகக் குருதியிலிருந்து உப்பு பாலுக்குள் கசிகிறது. ஆதலின் பால் சற்றே உப்புக்கரிக்கும். கொழுப்பல்லாத திடப்பொருள், அதாவது சங்கங்களில் எஸ்.என்.எப். என்று கூறுவது, குறையும், பால்மானியும் தாழும். தண்ணீர் கலந்த பாலை இதிலிருந்து பிரித்தறிய வழி இல்லாமற் போகவில்லை. நல்ல பால் பூஜ்யத்திற்கு ஏறத்தாழ அரை டிகிரி கீழே உறைவது. தண்ணீர் சேரச் சேர அவ்வளவு பூஜ்யத்தை நெருங்கும். மடிநோய்ப் பாலிலோ சர்க்கரை குறைந்த இடத்தை உப்பு நிரப்பிவிடுவதால் அது பெரிதும் மாறாது. இதனை அளக்கும் கருவி பெரிய பால்பண்ணைகளின் ஆய்வுக்கூடங்களில் உண்டு. சிற்றூர்ச் சங்கங்களில் காண்பது அரிது. பால்மானி ஒன்றை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு ஒருவரைத் திருடர் என்று கூறுவது எவ்வளவு பிழை என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம்.

இனிக் கிருமிகளைப் பற்றிக் கூறுவோம். பசுவின் மடி வெளிப்பார்வைக்கு ஒன்றாயினும் உள்ளே நான்கு தனித்தனி அறைகளாக அமைந்தது. ஓர் அறையின் பால் மற்றோர் அறைக்குச் செல்வதில்லை. ஒவ்வோர் அறைக்கும் வாயில் காம்பின் நுனியில் உள்ள துளை. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அச்சிறு வழியே கிருமிகளுக்கும் நுழைவாயில். கறந்து முடித்தபின் அது முழுவதும் மூடிக்கொள்ள அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்நேரத்தில் பசு சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்துவிடுமானால், திறந்த கதவின் முன் திருடனை நிறுத்தியது போலாகும். கறந்தவுடன் பசுந்தீவனம் போட வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவது இதற்காகவே. தின்னும் பசு நின்றுகொண்டிருக்கும் அல்லவா?

மடிநோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இருவகைப்படும். ஒருவகை நோயுற்ற மடியையே உறைவிடமாகக் கொண்டு, கறப்பவரின் கை, துணி ஆகியவற்றின் வழியாகப் பசுவுக்குப் பசு தாவுபவை. ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்பன இவ்வகையில் முதன்மையானவை. பின்னதன் பெயருக்கே பால் இன்மை என்பது பொருள்! மற்றொரு வகை சாணத்திலும் சேற்றிலும் வாழ்ந்து காத்திருப்பவை, ஈ.கோலை இதில் ஒன்று. முன்னவை மெல்ல அரிக்கும். பின்னவையோ கன்று ஈன்ற புதிதில் ஒரே இரவில் பசுவைப் படுக்க வைத்துவிடவும் கூடும்.

நாம் கண்ட ஊரில் நோய் வந்த வழி தெளிவாகவே இருந்தது. ஒரே கறவைக்காரர் நாள்தோறும் ஏழு வீடுகளில் கறந்து வந்தார். நல்ல உழைப்பாளி; கை நயம் மிக்கவர்; ஆயினும் வீட்டுக்கு வீடு கை கழுவும் வழக்கம் அவரிடம் இல்லை. காம்பில் பாலையே தொட்டுத் தடவி, கட்டைவிரலை மடக்கிக் கறப்பார். ஈரக் காம்பில் கிருமி எளிதில் ஏறும். மடக்கிய விரலின் கணு காம்பின் உட்புறத்தைப் புண்படுத்தும். ஏழு வீட்டுப் பசுக்களையும் சோதித்தபோது நான்கில் நோய் இருந்தது. அவரைக் கடிந்து பயனில்லை. இதுகாறும் அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவருக்கு மருத்துவர் கற்பித்தவற்றை இங்கே தருகிறோம். சோப்புப் போட்டுக் கை கழுவுக. காம்புகளைக் கழுவிய பின், பசுவுக்கு ஒன்றாகத் தனித்துணியால் ஈரம் போகத் துடைக்க. முதற்பாலில் கிருமிகள் மிகுதி, ஆதலின் இரண்டு மூன்று பீச்சுகளைக் கருந்துணி கட்டிய கிண்ணத்தில் பீய்ச்சி, திரி உண்டா என்று பார்த்துவிட்டு அகற்றுக, தரையில் பீய்ச்சலாகாது. முழுக்கையால் பிடித்து, பால் இறங்கிய ஐந்து முதல் ஏழு நிமிடங்களுக்குள் கறந்து முடிக்க. நோயுள்ள பசுவைக் கடைசியாகக் கறக்க. முடித்தவுடன் ஒவ்வொரு காம்பையும் காம்புக்கென விற்கும் அயோடின் கரைசலில் நனைத்தெடுக்க. இக்கடைசிச் செயல் சிறிது செலவுடையது என்று பலர் தயங்குகின்றனர். ஒரு காம்பு வற்றினால் இழப்பது எத்தனை லிட்டர் என்று அவர்களே கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

மருத்துவர் செய்த சோதனை 1957இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்டதாகும். கிருமிகளை எதிர்க்க மடிக்கு விரைந்துவரும் வெள்ளணுக்கள் சலவைப் பொருள் பட்டதும் உடைந்து கூழாகின்றன. நோய் மிகுந்தால் கூழும் மிகும். இதனை வீட்டிலேயே செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனிக் கிண்ணத்தில் சம அளவு கரைசலுடன் கலந்து சுழற்றிப் பார்த்தால் போதும். கன்று ஈன்ற முதல் வாரத்திலும், பால் வற்றும் தறுவாயிலும் இச்சோதனையை நம்ப இயலாது. சோதித்த பாலை எவரும் அருந்தலாகாது, கன்றுக்கும் ஊற்றலாகாது.

பால் கறந்த பின்பும் கிருமிகள் ஓய்வதில்லை. கறந்த பாலின் சூடு அவற்றுக்கு உகந்தது. சிலவகை இருபது நிமிடத்திற்கொருமுறை இரட்டிப்பாகும். விரைவில் சங்கத்துக்கு எடுத்துச் சென்று 4 டிகிரி அளவுக்குக் குளிரவைப்பதன் காரணம் இதுவே. காய்ச்சினால் கிருமிகள் மடியும். காசநோய், கன்றுவீச்சு நோய் ஆகியவற்றின் கிருமிகளும் மடிந்துவிடும். ஆகவே பச்சைப்பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தல் கூடாது. எனினும் ஸ்டெபிலோகாக்கஸ் பல்கிப் பெருகிய பாலில் அது விட்டுச்சென்ற நஞ்சு கொதித்த பின்பும் எஞ்சி நின்று வாந்தி பேதியை உண்டாக்கக் கூடும். காய்ச்சிவிட்டோம் என்பது எல்லாக் குற்றத்தையும் போக்காது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, பாலை ஆய்வுக்கு அனுப்பி எம்மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறிந்து செய்வதே முறை. கடையில் கேட்டு வாங்கிய ஊசியை ஒரு நாள் போட்டு நிறுத்துவதால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. மருந்து செலுத்திய பசுவின் பாலை, மருந்துறையில் குறித்த நாட்கள் வரை சங்கத்தில் ஊற்றலாகாது; அம்மருந்து பிறர் உடலுக்குச் செல்வதோடு, அப்பாலில் தயிரும் உறையாது. நோயின் தொடக்கத்தில் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, தண்ணீரில் குழைத்துக் கழுவிய மடியில் நாளொன்றுக்குப் பலமுறை ஐந்து நாட்கள் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பி வருகின்றனர். காய்ச்சலோடு தீவனம் ஒழிந்த பசுவுக்கு இதனை மட்டும் நம்பிக் காத்திருத்தல் ஆகாது.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கது யாது என்று சிலர் கேட்டனர். அவ்வூர் மன்றத்தார் தொட்டிக்கு அருகே தேங்கிய சாக்கடையை வெட்டிவிட்டனர். சங்கத்தாரும், எவர் பாலையும் மறுப்பதற்குமுன் அவருடைய பசுவைக் கரைசலில் சோதிப்பதென்று தீர்மானம் இயற்றி, அம்மையாருக்குக் குறைத்த விலையைத் திருப்பிக் கொடுத்தனர். பசுவின் பின்காம்புகளில் ஒன்று குணமாயிற்று. மற்றொன்றில் கிருமி ஆழ வேரூன்றிவிட்டதால் அவ்வறை வற்றிப் போயிற்று. தை மாதத்தில் பால் வற்றச் செய்தபோது மருத்துவர் எஞ்சிய மூன்று காம்புகளிலும் மருந்து செலுத்தினார். பங்குனியில் கிடாரிக்கன்று ஈன்று, இப்போது மூன்று காம்புகளில் பால் தருகிறது. பால்மானி 29 காட்டுவதாகச் செயலாளரே நமக்குச் சொல்லியனுப்பினார்.