கருவி யார் கைக்கு எட்டுகிறது?

அன்புள்ள கயல்,

எந்தக் கல்லூரியில் ஆய்வகம் பெரிது, எங்கே விலை உயர்ந்த கருவிகள் இருக்கின்றன என்று நீ ஒப்பிட்டு எழுதிய பட்டியலைப் பார்த்தேன். சேர்வதற்கு முன் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆரம்ப நாட்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்.

1959-ல் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. அதே ஊரிலிருந்த ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தின் கேன்டீன் கட்டடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. அன்று இந்தியாவில் கணினி இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட அபூர்வப் பொருளைப் பூட்டி வைத்துக் காப்பாற்றத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் கான்பூரில் பிற துறை ஆசிரியர்களையும் வெளி நிறுவனத்தாரையும் கூப்பிட்டு, குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளில் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்தத் துணிச்சல் தலைமையிலிருந்து வந்தது. முதல் இயக்குநர் பி. கே. கேல்கர், வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்த இளைஞர்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தார்; அவர்கள் போக்கில் வேலை செய்யவும் விட்டார். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். அப்போது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது. கணினி அறிவியலுக்கென்று தனித்துறை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. மின்பொறியியல் துறைக்குள்ளேயே அதை முதுநிலைப் பாடமாக நடத்தினார். நிரல் எழுதக் கற்பிக்கும் அவருடைய நூல் 1969-ல் வெளிவந்து, கான்பூரைப் பார்த்தே இராத மாணவர்களுக்கும் பாடமானது.

கூட்டுறவுக்கும் இதில் பெரிய பங்குண்டு. 1962 முதல் 1972 வரை எம்.ஐ.டி., கால்டெக், பிரின்ஸ்டன், பெர்க்லி உட்பட ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் கான்பூருக்குத் துணை நின்றன. கணினிகளை வடிவமைத்த அனுபவமுள்ள ஹாரி ஹஸ்கி, பெர்க்லியிலிருந்து வந்து கணினி மையத்தை நிலைநிறுத்தினார். வந்தவர்கள் கருவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், உடனிருந்து இங்குள்ளவர்களைப் பழக்கினார்கள். அதனால்தான் திட்டம் முடிந்து அவர்கள் கிளம்பிய பிறகும் வேலை நிற்கவில்லை. 1978-ல் கணினி அறிவியலில் பி.டெக். படிப்பே அங்கு தொடங்கியது. பிற நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் படங்களைக் கல்லூரிகள் சுவரில் மாட்டிவைக்கும். ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன மிஞ்சியது என்பதை வைத்து நீ எடைபோடு.

ஆகவே, கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, காட்டப்படும் கருவிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்துக் கேள்: ஆய்வகம் மாலையில் திறந்திருக்குமா? வேறு துறை மாணவர் அந்தக் கருவியைத் தொடலாமா? புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒரு பாடம் தொடங்க நினைத்தால் எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இந்தப் பதில்களையும் உன் பட்டியலில் சேர்த்து எனக்கு எழுது. பிறகு சேர்ந்து முடிவெடுப்போம்.

அன்புடன்,
மாமா