மலையேற்றத்தில் டர்போ எஞ்சினைக் குளிர்வித்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள வித்துரா, மலையடிவாரத்து ஊர். அங்கிருந்து பொன்முடிக்குச் செல்லும் பாதை கல்லாற்றை ஒட்டிச் சென்று, பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மேலேறுகிறது. பொன்முடியின் உயரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர். மார்ச்சு முதல் மே வரை, இடவப்பாதி மழை தொடங்குமுன், அடிவாரத்தில் காற்று வெப்பமும் ஈரமும் மிகுந்திருக்கும். இப்பாதையில் டர்போ பொருத்திய விரைவுக் கார் ஒன்று ஏறும்போது அதன் எஞ்சினில் நிகழ்வன யாவை, அதனைக் காக்கும் முறை யாது என்பதே இப்பாடத்தின் பொருள். களப்பணிக்கு வழங்கப்படும் டீசல் ஜீப்புகள் பலவற்றிலும் இன்று டர்போ உண்டாகையால், ஈண்டுக் கூறுவனவற்றுள் பெரும்பாலானவை அவற்றிற்கும் பொருந்தும்.

முதலில் வெப்பத்தின் அளவை அறிதல் வேண்டும். 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். உயர்த்துவதற்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 147 இலட்சம் ஜூல். பெட்ரோல் எஞ்சின் தான் உண்ணும் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 30 பங்கையே வேலையாக மாற்றுகிறது எனில், இதற்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எரிதல் வேண்டும். எஞ்சியவற்றுள் ஒரு பெரும்பங்கு புகையோடு வெளியேறும்; மற்றொரு பங்கு, செய்த வேலைக்கு ஏறத்தாழச் சமமான அளவில், குளிர்விக்கும் நீரைச் சேரும். இவ்வெப்பத்தைக் கொண்டு 50 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணரலாம். காரின் ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் சேர்ந்து சுற்றும் நீரோ அதில் ஒரு சிறு பகுதியே. ஆகவே அந்நீர் பெற்ற வெப்பத்தை ரேடியேட்டர் கணந்தோறும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

சமவெளிச் சாலையில் விரைந்து செல்லும் வண்டிக்கு இது கடினமன்று; எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மலைப்பாதையில் நிலை தலைகீழ். வளைவுகளில் வேகம் குறைவு, எஞ்சினின் பளுவோ மிகுதி. முன்னே ஒரு பேருந்து ஏறிச் சென்றால் அதன் வேகமே நம் வேகம். அப்போது மின்விசிறி ஒன்றே துணை. விரைவுக் காரின் முகப்பு தாழ்ந்தும் வாய் குறுகியும் இருக்கும். அவ்வாயில் குளிர்சாதனத்தின் கண்டென்சரும் டர்போவின் காற்றுக் குளிர்ப்பியும் ரேடியேட்டரும் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. முன்னவை சுடவைத்த காற்றே பின்னதற்குக் கிடைக்கிறது. வேகத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி வேகமின்றிச் செல்லும்போதே மிகுந்த இடர்ப்படுகிறது.

இனி டர்போவைக் காண்போம். எஞ்சினின் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அமுக்கப்படும் காற்று சூடேறும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துப் பன்முறை அமுக்கினால் அதன் அடிப்பகுதி சுடுவதை ஆசிரியர்கள் வகுப்பில் காட்டலாம். பின்னர் பம்பை ஆறவிட்டு, வாயைத் திறந்துவைத்து அதே எண்ணிக்கை அமுக்கினால் சூடு மிகக் குறைவாக இருக்கும். உராய்வைக் காட்டிலும் அமுக்கமே முதன்மையான காரணம் என்பது இதனால் விளங்கும்.

அடிவாரத்தில் 36 பாகை வெப்பமுள்ள காற்றை, எழுபது விழுக்காடு திறனுள்ள டர்போ 1.8 மடங்கு அமுக்கினால், அது ஏறத்தாழ 117 பாகையை அடையும். இக்காற்றை அப்படியே எஞ்சினுக்குள் விடுதல் கூடாது. இன்டர்கூலர் எனப்படும் காற்றுக் குளிர்ப்பி அதனை 60 பாகைக்குக் குறைக்குமாயின், அதே அமுக்கத்தில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 17 பங்கு கூடும்; வெடிப்பும் ஒழுங்காக நிகழும்.

சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி புகையால் இயங்கும் அமுக்கிக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கப் பொறியியலர் சான்ஃபோர்டு மாஸ், 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டு சென்று டர்போவைச் சோதித்தார். மெலிந்த காற்றை ஈடுசெய்வதே அன்று நோக்கம். 1962இல் டர்போவுடன் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் இன்டர்கூலர் இல்லை. காற்றின் சூட்டைத் தணிக்க நீரும் மெத்தில் சாராயமும் கலந்த திரவம் தெளிக்கப்பட்டது. உரிமையாளர் பலர் அத்திரவத்தை நிரப்பாமலே விட்டனர். ஓட்டுநரின் நினைவாற்றலை நம்பிய ஏற்பாடு நிலைக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் போர்ஷே 911 டர்போ இன்டர்கூலருடன் வந்தது.

இங்கு முக்கியமாக அறிய வேண்டிய ஒன்று உண்டு. வண்டியின் முன்பலகையிலுள்ள வெப்பமுள் குளிர்நீரின் நிலையை மட்டுமே காட்டும். எஞ்சினுள் புகும் காற்றின் வெப்பத்தைக் காட்டாது. அக்காற்று மிகச் சூடேறினால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உரிய காலத்திற்கு முன்னரே தானாக வெடித்துத் தட்டும் ஓசை எழும். இது நீடித்தால் பிஸ்டன் உருகவும் கூடும். இக்காலத்துக் கார்களில் மின்னணுக் கருவி இதனை உணர்ந்து தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காக்கும். அதன் விளைவாக வண்டியின் வலிமை குறையும், புகையின் வெப்பமும் கூடும். முள் நடுவில் நிற்க, வண்டி மட்டும் சோர்ந்து ஏறுமாயின் ஓட்டுநர் மேலும் மிதித்தல் தவறு. மிதியைத் தளர்த்துவதே தக்கது. 95 ஆக்டேன் பெட்ரோலுக்கென வகுக்கப்பட்ட எஞ்சினில் 91 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றிக் கோடையில் மலையேறுவோர் இதனை விரைவில் காண்பர்.

மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறதே என்று கேட்கலாம். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை குளிரும் என்பது உண்மை. ஆனால் அவ்வுயரத்தில் காற்றின் அமுக்கம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறைகிறது. அதே இறுதி அமுக்கத்தைப் பெற டர்போ 1.8 மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கு அமுக்க வேண்டும். கணக்கிட்டால், டர்போவை விட்டு வெளிவரும் காற்றின் வெப்பம் 124 பாகை ஆகிறது. முகத்தில் படும் குளிர்ந்த காற்று ஓட்டுநரை ஏமாற்றிவிடும்.

ஏறும்போது உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடுதல் கூடாது. தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழலும். அதனோடு இணைந்த நீர்ப்பம்பும் விரைந்து சுழன்று மிகுதியான நீரைச் செலுத்தும். டர்போவின் அமுக்கமும் குறைவாகவே தேவைப்படும். முள் ஏறத் தொடங்கினால் குளிர்சாதனத்தை நிறுத்துக. பின்னும் ஏறினால், வண்டியினுள் வெப்பம் தரும் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுக. அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. அமர்ந்திருப்போர் சிறிது துன்புறுவர்; எஞ்சின் பிழைக்கும்.

பழைய வண்டிகளில் வழியோர ஓடைநீரை மொண்டு ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் இருந்தது. இன்றைய வண்டியில் இது பேரிடர் விளைக்கும். ரேடியேட்டர் மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருப்பதால், வெறும் நீராயினும் 120 பாகை வரை கொதிக்காது நிற்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் நீங்கி நீரின் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகும். 6 லிட்டர் நீரில் அப்பகுதி கால் லிட்டரினும் குறைவே; ஆயினும் அது 370 லிட்டர் ஆவியாக விரிந்து, கொதிநீரையும் வாரிக்கொண்டு திறந்தவரின் முகத்திலும் கைகளிலும் பாயும். அரைமணி நேரமேனும் ஆறவிடாமல் மூடியைத் தொடுதல் கூடாது. சுடும் எஞ்சினில் தண்ணீரைக் கொட்டுவதும் ஆகாது. உலோகத் தலைப்பகுதி வெடிப்புறும்.

பொன்முடியை அடைந்தவுடன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவது மற்றொரு தீய பழக்கம். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல வல்லது. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதனைத் தாங்குகிறது. பெட்ரோல் எஞ்சினின் புகை 900 பாகைக்கு மேலும் சுடும். எஞ்சின் நின்றதும் எண்ணெயோட்டம் நிற்கும்; புகைச்சக்கரத்தின் சூடு தண்டுக்கு ஏறி, தேங்கிய எண்ணெயைக் கரியாக்கும். நாளடைவில் அக்கரி எண்ணெய் வழியை அடைத்துத் தண்டைத் தேய்த்துவிடும். ஆதலால் கடைசி ஒரு கிலோமீட்டரை மெல்லச் செலுத்தி, நின்ற பின்னும் ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிடுதல் நன்று. சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பின்பும் விசிறியோ மின்பம்போ ஓசையிடும். அது பழுதன்று, டர்போவைக் குளிர்விக்கும் ஏற்பாடே.

கோடைக்கு முன்னர் ரேடியேட்டர், கண்டென்சர், இன்டர்கூலர் ஆகியவற்றின் மெல்லிய தகடுகளுக்கிடையே படிந்த பூச்சி, சருகு, செம்மண் தூசி ஆகியவற்றை நீக்குதல் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மென்மையாக நீரைப் பாய்ச்சுக. வேகமான நீர்வீச்சு தகடுகளை மடித்துவிடும். குளிர்நீரில் கலக்கும் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்தித் துருவையும் தடுக்கும். ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் அது நீருக்குக் குறைந்ததே. உற்பத்தியாளர் குறித்த விகிதத்திற்கு மேல் அதனைச் சேர்ப்பதால் எஞ்சின் குளிர்வதில்லை.

மலையிறங்கி வந்த மறுநாட் காலை, எஞ்சின் நன்கு ஆறிய நிலையில், குளிர்நீர்த் தொட்டியின் கோட்டைப் பார்க்க வேண்டும். மூடிய அமைப்பில் நீர் குறைவதற்கு இடமில்லை. குறைந்திருப்பின் மேலே ஊற்றி நிரப்பியதோடு நின்றுவிடாது குழாய், பம்பு, மூடி ஆகியவற்றில் கசிவைத் தேடுக.